யாருக்குப் பூங்கா?

ஊர்தோறும் பூங்கா அமைக்க அரசிடம் நிதி உண்டு. அந்த நிதிக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளில்தான் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் விடுபட்டுப் போகிறார்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், 3(2) பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. காட்டில் வாழும் மக்களின் பொது வசதிகளுக்காக, ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை எதற்கெல்லாம் ஒதுக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், குளம், சாலை, சமுதாயக் கூடம் என மொத்தம் 13 வசதிகள். கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. தேவையான, நல்ல சட்டம். ஆனால் அந்த 13 வசதிகளில் விளையாட்டுத் திடல் இல்லை. ஓர் ஊஞ்சல் போட ஒரு சென்ட் நிலம்கூட அதில் பேசப்படவில்லை.

சட்டத்தை எழுதியவர்களுக்குப் பிள்ளைகள்மீது அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. உயிர் பிழைக்கத் தேவையானவை முதலில் நினைவுக்கு வந்தன, விளையாட்டு வரவில்லை. ஏழைகளுக்கான திட்டங்களில் இந்த மறதி வழக்கமாகவே நடக்கிறது. பிறகு எப்போதாவது பூங்காவுக்கென்றே நிதி வரும்போது, அதோடு நான்கு கேள்விகளும் வருகின்றன. நிலம் யார் பெயரில்? உங்கள் பங்குத் தொகை எவ்வளவு? உங்கள் ஊர் எந்த உள்ளாட்சியில்? பராமரிப்பு யார் பொறுப்பு? தனித்தனியாகப் பார்த்தால் நான்குமே நியாயமான கேள்விகள். நான்கையும் அடுத்தடுத்து வைத்தால், பூங்கா யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள்தான் முதலில் கழிந்து போகிறார்கள்.

பூங்காக்களின் மாவட்டம்

தமிழ்நாட்டில் பூங்கா என்றதும் நினைவுக்கு வரும் மாவட்டம் நீலகிரி. உதகையின் அரசு தாவரவியல் பூங்கா 1848ல் உருவாகத் தொடங்கியது. சுமார் 22 ஹெக்டேர். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874ல் வந்தது. சுமார் 12 ஹெக்டேர். உதகையின் முதல் மலர்க் கண்காட்சி 1896ல் நடந்தது. அதன் நூற்றாண்டை ஒட்டி 1995ல் ரோஜா பூங்கா அமைந்தது. கோத்தகிரி நேரு பூங்காவில் ஆண்டுதோறும் காய்கறிக் கண்காட்சி நடக்கிறது. 2024 ஜூலையில், சென்னை ரேஸ் கிளப்பிடம் இருந்த உதகை குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கர் நிலத்தை அரசு மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது.

இவற்றைப் பராமரிக்கும் தொழிலாளர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் இவை எல்லாம் நகரங்களுக்குள் இருக்கின்றன. புகழ்பெற்றவை அனைத்திலும் நுழைவுக் கட்டணம் உண்டு. கோடை சீசனில் மலையேறி வருகிறவர்களுக்காகவே இவை மினுக்கி வைக்கப்படுகின்றன. பந்தலூர் பக்கத்துச் சேரம்பாடியிலோ கொளப்பள்ளியிலோ லைன் வீட்டில் வளரும் ஒரு குழந்தை தாவரவியல் பூங்காவைப் பார்க்க வேண்டுமென்றால், பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் செலவழித்துக் கூட்டிப்போக வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பூங்கா என்பது சுற்றுலா. தினமும் மாலையில் ஓடி விளையாடும் இடம் வேறு: லைனுக்கு முன்னால் உள்ள நடைபாதை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் முற்றம், லாரி வந்து திரும்பும் வளைவு. பழைய பெரிய எஸ்டேட்டுகள் சிலவற்றில் கால்பந்துத் திடல் உண்டு. அது பெரிய பையன்களின் இடம். சிறுமிகளுக்கும் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்களுக்கும் வயதானவர்களுக்கும் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாத லைன்களே அதிகம்.

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள் தொகை 7,35,394. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று மிகவும் நலிந்த பழங்குடிகள் பட்டியலில் உள்ள ஆறு இனத்தவர் இங்கே வாழ்கிறார்கள். மலைப் பகுதிக்கென்று தனி நிதியும் புதிதல்ல. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் நாற்பது ஆண்டுகள் இங்கே நடந்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. உதகையில் அந்தத் திட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் எச்.ஏ.டி.பி. திறந்தவெளி மைதானம் இன்றும் பயன்படுகிறது. நிதி வந்த பாதையில் நகரம் இருந்தது. அதற்கு ஒரு மைதானம் கிடைத்தது.

நிலம் யார் பெயரில்?

பொதுப் பணத்தைப் பொது நிலத்தில்தான் செலவிட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியாகட்டும், ஊராட்சி நிதியாகட்டும், அடிப்படை விதி இதுதான். விதியின் நோக்கம் சரி. மக்கள் வரிப்பணத்தில் தனியார் நிலத்தின் மதிப்பைக் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

ஆனால் தேயிலைத் தொழிலாளியின் வீடு, வாசல், அவர் நடக்கும் பாதை, பிள்ளை விளையாடும் முற்றம் எல்லாமே எஸ்டேட் நிலம். ஊராட்சி அங்கே ஒரு சறுக்கு மரம் போட நினைத்தாலும் நிலம் தனியாருடையது என்று கோப்பு திரும்பிவிடும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியையும் நிர்வாகத்தின் கடமையாக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அதனால் அரசுத் துறைகள் எஸ்டேட்டைக் கை காட்டின. தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் நிர்வாகங்கள் ஊராட்சியைக் கை காட்டின. இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்து வேலைக்கே போய்விட்டது.

கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்கல் இன்னும் ஆழமானது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நில உரிமையை ஒழிக்க 1969ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1974ல் அது நடைமுறைக்கு வந்தது. குத்தகையில் இருந்த தோட்ட நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவு மட்டும் தீராத வழக்காக நீண்டது. அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணை குறித்து 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய, சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கும் கோயலோ வழக்கின் தீர்ப்புக்கு வேர் இந்தக் கூடலூர் நிலம்தான். டெல்லியில் அரசியல் சாசன வரலாறு எழுதப்பட்டது; கூடலூரில் ‘செக்‌ஷன் 17’ என்ற சொல் பட்டா இல்லாத வாழ்க்கைக்குப் பெயராக நின்றுவிட்டது. மின் இணைப்புக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்த இடத்தில் பூங்காவுக்கு யார் நிலச் சான்று தருவார்கள்?

டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது; பின்னர் கழகமானது. தோட்டம் போட்டது வனத்துறை நிலத்தில். நிர்வாகமும் அரசு, நிலமும் அரசு. ஆனாலும் அது வனம் என்பதால், ஊராட்சியின் திட்டங்கள் அங்கே தாமாக நுழைய முடியாது. 2022ல் 2,000 ஹெக்டேருக்கும் மேலான டான்டீ நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தரும் முடிவு வந்தபோது, அங்கே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு வீடே கேள்விக்குறியானது. ஒரே மக்களை இரண்டு நாடுகளும் மாறி மாறி ‘இது உன் நிலமில்லை’ என்று சொல்லியிருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் விளையாட்டுத் திடலுக்கும் நில ஆவணம் கேட்பது பெரும் அநீதி.

மூன்றில் ஒரு பங்கு

நமக்கு நாமே திட்டம் தமிழ்நாட்டின் நல்ல முயற்சிகளில் ஒன்று. 1990களின் இறுதியில் தொடங்கி, 2021க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. பூங்கா, விளையாட்டுத் திடல், கட்டடம் என ஊர் எதைக் கேட்கிறதோ, அதன் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதியானால் ஐந்தில் ஒரு பங்கு. மீதி அரசு தரும். தன் பணம் கலந்த பொருளை ஊர் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இதன் அடிப்படை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 லட்ச ரூபாயில் ஒரு சிறு பூங்கா என்றால் மூன்றில் ஒரு பங்கு 3 லட்சம். நூறு குடும்பங்கள் உள்ள லைனில் வீட்டுக்கு 3,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் வீட்டுக்கு 1,800 ரூபாய். கொழுந்து குறைந்த மாதங்களில் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தும் தாயிடம் ஊஞ்சலுக்காக இதைக் கேட்க முடியுமா? நகரத்தில் ஒரு விடுதியோ வணிகர் சங்கமோ நலச் சங்கமோ ஒரே காசோலையில் இந்தப் பங்கைப் போட்டுவிட முடியும். வசதி உள்ள இடத்துக்கு அரசுப் பங்கு எளிதாகப் போய்ச் சேர்கிறது. லைன் வீட்டாரால் தர முடிந்தது உழைப்பு. மண் வெட்டவும் கல் அடுக்கவும் மலைச் சரிவில் வரப்புக் கட்டவும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த உழைப்பைப் பங்குத் தொகையாக ஏற்றுக்கொண்டால் நிபந்தனையின் நோக்கமும் நிறைவேறும், ஏழையும் உள்ளே வருவார்.

ஓர் ஊராட்சிக்கு ஒன்று

ஊராட்சிக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது நியாயம்போலத் தெரியும். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்ச ரூபாய் தந்தது. விளையாட்டுத் திடலும் அதில் ஒரு பணி. நீலகிரியில் இருப்பவை 35 ஊராட்சிகள் மட்டுமே. ஆகவே மாவட்டத்துக்கு 7 கோடி ரூபாய்.

தமிழ்நாட்டில் சராசரியாக ஓர் ஊராட்சிக்குச் சுமார் 3,000 பேர். நீலகிரியில் கிராமப்புற மக்கள் சுமார் 3 லட்சம்; அதாவது ஓர் ஊராட்சிக்கு 8,500 பேர். ஒரே ஊராட்சிக்குள் பல படுகர் ஹட்டிகள், பழங்குடிக் குடியிருப்புகள், எஸ்டேட் லைன்கள் மலைமுகடுகளின் குறுக்கே சிதறிக் கிடக்கும். சமவெளியில் ஒருவருக்குப் போகும் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேர்கிறது. அந்த ஒரே திடலும் சாலையோரத்தில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில் அமைந்துவிடும்.

ஊராட்சியே இல்லாத கிராமங்களின் நிலை இன்னும் மோசம். நெல்லியாளம் ஒரு நகராட்சி. போய்ப் பார்த்தால் தேயிலையும் காடும் யானை வழித்தடமும்தான் கண்ணில் படும். மாவட்ட மக்களில் 59 சதவீதம் பேர் ‘நகர்ப்புறத்தவர்’ என்று 2011 கணக்கெடுப்பு சொல்வதற்கு, எஸ்டேட்டுகளை உள்ளடக்கிய இத்தகைய நகராட்சிகளும் அப்போதிருந்த 11 பேரூராட்சிகளும் முக்கியக் காரணம். கிராமத் திட்டம் இவர்களை நகரம் என்று சொல்லிக் கடந்து போகும். நகரத் திட்டம் சிற்றூர் என்று சொல்லிக் கடந்து போகும். 2015ல் வந்த மத்திய அரசின் அம்ருத் நகரத் திட்டத்தில் பூங்காக்களுக்கெனத் தனிப் பங்கே இருந்தது. ஆனால் அது முதன்மையாக ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கானதாக இருந்தது. குன்னூர், கூடலூர், நெல்லியாளம் மூன்றும் 50 ஆயிரத்தையே தொடாதவை.

இதன் மேல் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 15ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுண்டது. பூங்கா அமைக்க நினைத்தால் மீதி 40 சதவீதத்தில்தான் தெருவிளக்கோடும் சாலையோடும் போட்டி போட வேண்டியிருந்தது. அந்த மானியத்தைப் பெறவும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் வேண்டியிருந்தது. நீலகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

திறப்பு விழாவுக்குப் பிறகு

2016ல் அறிவிக்கப்பட்ட அம்மா பூங்கா திட்டம் 500 ஊராட்சிகளுக்குத் தலா 20 லட்ச ரூபாயில் பூங்காவும் 10 லட்ச ரூபாயில் உடற்பயிற்சிக் கூடமும் தந்தது. பூங்காவுக்கு 15,000 முதல் 20,000 சதுர அடி நிலம் வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய சமதளம் மலைச் சரிவில் கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்திலும் கட்டுவதற்குப் பணம் இருந்தது. அடுத்த பத்தாண்டுப் பராமரிப்பை ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. மாநிலத்தின் பல ஊர்களில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து, புதர் மண்டிக் கிடந்ததைச் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்பப் படத்தோடு வெளியிட்டன.

கட்டும்வரை ஆயிரம் கேள்வி கேட்கும் அரசாணை, கட்டிய பிறகு ஒன்றும் கேட்பதில்லை. வாசலில் நின்று மக்களைத் தடுக்கிற நிபந்தனையைப் பெயர்த்தெடுத்து, அமைந்த பூங்காவைச் சுற்றி வேலியாகப் போட வேண்டும். கடினமான விதிகள் தேவை. அவை கட்டுப்படுத்த வேண்டியது அரசையும் நிர்வாகத்தையும், கேட்டு வரும் ஏழையை அல்ல.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. 1959லேயே தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அது முதன்மையாக நகரங்களை நினைத்து எழுதப்பட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991ல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பூங்காவை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அலுவலர்களுக்கு இல்லை என்பதே அதன் சாரம்.

பிற நாடுகள் வைத்த நிபந்தனை

அமெரிக்காவில் 1965 முதல் நிலம்–நீர் பாதுகாப்பு நிதி என்ற ஒன்று இருக்கிறது. அதில் ஒரு டாலர் வாங்கிப் பூங்கா அமைத்தாலும் அந்த நிலம் நிரந்தரமாகத் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே உரியது. வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். சம மதிப்புள்ள மாற்று நிலமும் தர வேண்டும். கட்டிய பிறகு காக்கும் நிபந்தனைக்கு இது நல்ல உதாரணம். ஆனால் அந்த நிதியும் செலவில் பாதியை உள்ளூரிடம் கேட்டது. ஏழை ஊர்கள் பின்தங்கின.

கலிஃபோர்னியா அந்தக் குறையைத் திருத்தியது. 2008ல் வந்த சட்டத்தின்படி, ஆயிரம் பேருக்கு 3 ஏக்கருக்கும் குறைவான பூங்கா உள்ள பகுதிகளும் வருமானம் குறைந்த பகுதிகளும் முன்னுரிமை பெற்றன. உள்ளூர்ப் பங்குத் தொகை கேட்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, வடிவமைப்பை அங்கே வாழும் மக்களோடு கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது கட்டாயம். 2018ல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த பத்திர நிதியில் 72.5 கோடி டாலர் இந்த வழிக்கே ஒதுக்கப்பட்டது. ஏழையிடம் பணத்துக்குப் பதில் கருத்தைக் கேட்டார்கள்.

தேயிலை மலைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரிட்டன். 1920ஆம் ஆண்டின் சுரங்கத் தொழில் சட்டம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் முதலாளியிடம் ஒரு பென்னி வசூலித்து, சுரங்கத் தொழிலாளர் நல நிதியை உருவாக்கியது. சுரங்க ஊர்களின் திடல்களும் பொழுதுபோக்கு மன்றங்களும் அதில் எழுந்தன. செலவை முடிவு செய்த குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருந்தார்கள். குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலைக்கு அப்படி ஒரு சிறு தொகை விதித்தால், அது கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்குத் திடலாகத் திரும்பி வரும்.

நீலகிரிக்கு என்ன வேண்டும்?

முதலில், பூங்காவுக்கான அனுமதி பட்டா என்ற ஒரே ஆவணத்தில் தொங்கக் கூடாது. எஸ்டேட் நிர்வாகம், உள்ளாட்சி, மாவட்ட ஆட்சியர் மூவரும் கையெழுத்திடும் 30 ஆண்டுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தை நிலச் சான்றாக ஏற்க வேண்டும். நிர்வாகம் மாறினாலும், எஸ்டேட் கைமாறினாலும் அது நிலத்தோடு போக வேண்டும். 1951 சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்ட நல வசதிகளை அரசு, நகராட்சி, ஊராட்சித் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்கிறது. நிர்வாகங்கள் கை கழுவ அந்த வாசகம் உதவிவிடக் கூடாது. நிலத்தை அவர்களும் நிதியை அரசும் தரும் கூட்டுப் பொறுப்பாக மாநில விதி எழுதப்பட வேண்டும். டான்டீயில் அரசே நிர்வாகம் என்பதால் தொடக்கம் அங்கேயே இருக்கலாம். வன உரிமைச் சட்டப் பட்டியலில் 14ஆவதாகப் பிள்ளைகளின் விளையாட்டிடத்தைச் சேர்க்க மாநிலம் மத்திய அரசைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அலகை மாற்ற வேண்டும். ஊராட்சிக்கு ஒன்று என்ற கணக்கை விட்டு, குழந்தை தனியாக நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒன்று என்று எண்ண வேண்டும். 15,000 சதுர அடி கிடைக்காத சரிவில் 3,000 சதுர அடிப் படிக்கட்டுத் திடல்கள் ஐந்து இருக்கட்டும்.

மூன்றாவது, வடிவத்தை மலை தீர்மானிக்க வேண்டும். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மேங்கோ ரேஞ்ச் பகுதியில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிய மூன்று வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் அது. இந்த மலையில் விளையாடும் இடம் பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. புதர் அகற்றிய, வெளிச்சமுள்ள, பெரியவர்களின் கண் படும் இடம், லைனுக்கும் அங்கன்வாடிக்கும் அருகிலேயே வேண்டும். யானை நடக்கும் தடத்தில் திடல் கூடாது. அதை வனத்துறையும் ஊராரும் சேர்ந்து குறிக்கட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையையும் தேவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, பராமரிப்புப் பணத்தைப் பூங்காவோடு சேர்த்தே தர வேண்டும். பத்தாண்டுத் தொகையை வங்கியில் போட்டு, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரைக் காப்பாளராக நியமிக்கலாம். வாழ்நாள் முழுதும் செடி பார்த்த கைகள் அவை. நுழைவுக் கட்டணம் என்றென்றும் கூடாது. கட்டடம் எழுப்பவோ, வாகனம் நிறுத்தவோ, குத்தகைக்கு விடவோ எவருக்கும் அதிகாரம் கூடாது.

இதற்கு மலைபோலப் பணம் வேண்டாம். சீசனில் பூங்காக்கள் வசூலிக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். இந்த மலையின் அழகைப் பார்க்க வருகிறவர்கள் தரும் பணம் அது. அந்தப் பச்சையைத் தினமும் கிள்ளிக் கிள்ளி வளர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் உரிமை உண்டு. அடுத்த மலர்க் கண்காட்சிக்குத் தேதி குறிக்கும்போதே, முதல் பத்து லைன் திடல்களின் பெயரையும் இடத்தையும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும்.